‘பார்டர்லதான் இருக்கு’ன்னு விட்டுடலாமா?

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவர்களின் கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். சர்க்கரை நோய் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 42. ஆபீஸில் நடத்திய உடல் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 112, எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. ‘பார்டர்லதான் இருக்கு, சாப்பாட்டைப் பார்த்துக்குங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது சர்க்கரை நோயா, இல்லையா? சாப்பாட்டில் எதைப் பார்ப்பது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை. ஆனால் அது வரும் வழியில் நீங்கள் நிற்கிறீர்கள். இந்த நிலைக்கு முன்நீரிழிவு என்று பெயர். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 வரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் முன்நீரிழிவுதான். வெறும் வயிற்று அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் 110-லிருந்துதான் கணக்கிடுகிறது. அதனால் 100-க்கும் 110-க்கும் நடுவே இருப்பவர்களுக்கு ஒரு லேப் ‘நார்மல்’ என்றும் இன்னொரு லேப் ‘பார்டர்’ என்றும் எழுதித் தருவதுண்டு. உங்களுடைய 112 இரண்டு கணக்கிலும் உள்ளே வருகிறது. எச்பிஏ1சியும் அதையே சொல்கிறது.

இந்தியாவில் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023-இல் சொன்னது. இதில் பலருக்குத் தங்கள் நிலை தெரியாது, ஏனென்றால் தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற தொந்தரவு எதுவும் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் இருக்காது.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. எல்லாருமே குளுக்கோஸ் குடித்தபின் பார்க்கும் அளவு உயர்ந்திருந்தவர்கள். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் விடாமல் கவனித்த குழுவில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. நம் மக்களுக்கு எல்லைக்கோட்டிலிருந்து நோய்க்குப் போகும் வேகம் அதிகம் என்பதால்தான் ‘பார்டர்தானே’ என்ற சொல்லே எங்களுக்குப் பிடிப்பதில்லை.

அந்த ஆய்வில் நம்பிக்கை தரும் விஷயமும் ஒன்று உண்டு. பலன் பெற்றவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை குறையாமலே இவ்வளவு கிடைத்தது. உடல் பருமன் உள்ளவர்கள் எடையையும் குறைத்தால் பலன் இன்னும் கூடும். அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதை இலக்காக வைத்த குழுவில் நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு தடவையாவது அளவு முழுமையாக நார்மலுக்குத் திரும்பியவர்களுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் ஆபத்து 56 சதவீதம் குறைவாக இருந்ததும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் தெரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: இடுப்புச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் அந்தக் கொழுப்பில் ஒரு பங்கு ஈரலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரவு முழுக்க ஈரல் இரத்தத்தில் சர்க்கரையை விடுகிறது. இன்சுலின் அதைக் கட்டுப்படுத்தும். ஈரலில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் சொல் எடுபடாது, காலையில் 112 வரும். வெறும் வயிற்று அளவு உயர்ந்தவர்களுக்கு வயிற்றுச் சதை கரைவதே முதல் மருந்து. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியைத் திரும்பப் பாருங்கள். சாப்பாட்டு விவரம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: வயது 51, எடை 68 கிலோ. வெறும் வயிற்றில் 118 வந்ததும் அரிசியை அடியோடு நிறுத்திவிட்டேன். காலையில் ராகிக் கஞ்சி, மதியம் சாமைச் சோறும் காரக்குழம்பும், இரவு மூன்று கோதுமை தோசை. காபிக்குச் சர்க்கரை இல்லை, கருப்பட்டிதான், நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 121! எங்கே தப்பு?
– வாசகி, சேலம்

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. ‘அரிசிதான் எதிரி, சிறுதானியம் மருந்து’ என்று எல்லாரும் சொன்னதை நம்பிச் செய்திருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள்.

சமைக்காத பச்சரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78 கிராம். சாமை, வரகு, தினை, ராகி, கோதுமை மாவு எல்லாவற்றிலும் 60 முதல் 67 கிராம் வரை. வித்தியாசம் உண்டு, ஆனால் அது ஆறில் ஒரு பங்கைச் சுற்றித்தான். தட்டில் குவிக்கும் அளவு மாறாவிட்டால் அந்த வித்தியாசம் இரண்டு கரண்டியில் கரைந்துவிடும். சாமை ‘சுகருக்கு நல்லது’ என்ற தைரியத்தில் ஒரு கரண்டி கூடவே விழுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. போதாக்குறைக்கு, கடையில் வெள்ளையாகப் பளபளவென்று கிடைக்கும் சாமையும் தினையும் தவிடு நீக்கித் தீட்டியவை. நார்ச்சத்துக்காக வாங்கி நார்ச்சத்தே இல்லாததைச் சாப்பிடுகிறோம். தீட்டாத சிறுதானியம் மங்கலான பழுப்பாக இருக்கும், வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

ராகியை நைசாக அரைத்து, நன்றாக வேகவைத்து, கஞ்சியாகக் குடிக்கும்போது வயிற்றுக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. பல்லில் அரைபட வேண்டியது மில்லிலேயே அரைபட்டுவிட்டது. அதனால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். கோதுமை தோசைக்கும் இதே கதைதான். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் இரத்தத்தில் போய்ச் செய்யும் வேலை வெள்ளைச் சர்க்கரை செய்வதேதான். நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்றால் சுமார் 30 கிராம். மாதத்தில் முக்கால் கிலோவுக்கு மேல். எங்களைக் கேட்டால், உங்கள் பட்டியலில் முதலில் போக வேண்டியது அதுதான். முதல் வாரம் ஒன்றரை டீஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை என்று குறையுங்கள். நாக்கு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

இதைவிடப் பெரிய குறை உங்கள் கடிதத்தில் இல்லாத பொருட்களில் இருக்கிறது. பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் எதையும் நீங்கள் எழுதவில்லை. காரக்குழம்பில் புளியும் எண்ணெயும்தான். மூன்று வேளையும் மாவுச்சத்து, அதைத் தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்புத் தகவல்களை வைத்துச் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2022-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. முன்நீரிழிவிலிருந்து நார்மலுக்குத் திரும்ப, நாள் முழுக்கச் சாப்பிடும் கலோரியில் மாவுச்சத்து 50 முதல் 56 சதவீதத்துக்குள்ளும் புரதம் 18 முதல் 20 சதவீதமும் இருக்க வேண்டும் என்றது. நம் வீட்டுச் சாப்பாட்டில் மாவுச்சத்து 60-லிருந்து 75 சதவீதம் வரை போகிறது. அரிசியை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு தானியத்தை வைத்தால் இந்த விகிதம் அசையாது. தானியத்தின் இடத்தில் பயறும் காயும் வந்தால்தான் அசையும்.

ஒன்பது அங்குலத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் தட்டு காய்: கீரை, புடலை, வெண்டை, கோவைக்காய், பீர்க்கை, முட்டைகோஸ், அவரை, வாழைத்தண்டு. உருளை, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி காய்க் கணக்கில் வராது. அவை சோற்றுக் கணக்கு. கால் தட்டு புரதம். மீதிக் கால் தட்டில் அடங்குகிற சோறு, 200 மி.லி. டம்ளரில் தளர அளந்தால் ஒரு டம்ளர், அதாவது சுமார் 150 கிராம் வெந்த சோறு. இதில் மாவுச்சத்து 40 கிராமைத் தொடும். அரிசியா சாமையா என்பதை இந்த அளவுக்குள் உங்கள் விருப்பப்படி முடிவு செய்யுங்கள். இரண்டாம் தடவை போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் காயும் பருப்பும் போட்டுக்கொள்ளலாம்.

காலைக்கு: முளைகட்டியதோ ஊறவைத்ததோ, முழுப் பாசிப்பயறு ஒரு ஆளுக்கு 40 கிராம். ஆறு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்துக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து இரண்டு தோசை. ஒன்பதரை கிராம் புரதம் வந்துவிடும். அல்லது இரண்டு இட்லி, அதனுடன் இரண்டு முட்டை, பருப்பு கெட்டியாகத் தெரிகிற சாம்பார். இட்லியை அடியோடு விடத் தேவையில்லை. ஆறு இட்லியும் சட்னியும் என்பதுதான் பிரச்சினை.

மதியம்: முதலில் காய், அடுத்து பருப்பு அல்லது மீன், கடைசியில் சோறு. காயும் புரதமும் முதலில் போனால் வயிறு மெதுவாகக் காலியாகும், அதே சோற்றுக்கு ஏறும் சர்க்கரை குறையும். இது சின்ன மாற்றம், காசு செலவில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் சோற்றில் சாம்பார் ஊற்றிப் பிசைந்துதான் தொடங்குகிறோம், அதனால் முதல் வாரம் கை தானாகச் சோற்றுக்குத்தான் போகும். பொரியலைத் தனிக் கிண்ணத்தில் போட்டு ஐந்து நிமிடம் முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். இரவு: அடை. அரிசி ஒரு பங்கு என்றால் கடலைப்பருப்பு, துவரை, பாசிப்பருப்பு மூன்றும் சேர்த்து இரண்டு பங்கு. எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

புரதக் கணக்குக்கு: முட்டை ஒன்றில் 6 கிராம், மீன் 100 கிராமில் 20, காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராமில் சுமார் 10, சோயா உருண்டை காய்ந்தது 25 கிராமில் 13, தயிர் ஒரு கிண்ணத்தில் 6, வேர்க்கடலை ஒரு பெரிய கைப்பிடியில் 7. உங்கள் எடைக்கு நாளைக்கு 60 முதல் 65 கிராம் வரை தேவை. சாம்பாரை ஊற்றிக்கொண்டு ‘பருப்பு சாப்பிட்டேன்’ என்று கணக்கு எழுதாதீர்கள். நான்கு பேருக்கான சாம்பாரில் பல வீடுகளில் ஒரு கைப்பிடிப் பருப்புதான் போகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள். எடை 68-லிருந்து 63-க்கு வந்தாலே 7 சதவீத இலக்கு எட்டிவிடும். மாதம் ஒன்றரை கிலோ குறைந்தால் போதும், அவசரம் வேண்டாம்.

கேள்வி: பழைய சோற்றில் சுகர் ஏறாது என்கிறார்களே? வடித்த சோறு, புழுங்கல் அரிசி பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறும். அது உண்மை. ஆனால் சிறு பகுதிதான். நீராகாரத்தோடு ஒரு கிண்ணம் சோறு என்றால் பரவாயில்லை. ‘ஏறாது’ என்று சட்டி நிறைய என்றால் நிச்சயம் ஏறும். வடித்தால் கஞ்சியோடு கொஞ்சம் மாவு போகும், பாதியெல்லாம் போகாது. பச்சரிசியைவிடப் புழுங்கல் கொஞ்சம் மேல், கைக்குத்தல் இன்னும் கொஞ்சம் மேல். குழைய வேகவிடாதீர்கள்.

கேள்வி: ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன், வயது 47. ஒரு வருடமாகத் தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். வெறும் வயிற்றில் 96 வருகிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 168. நடந்தும் பலனில்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நடையின் பலன் உங்கள் 96-இல் தெரிகிறது. 168 வேறு கதை. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைகள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கு நடந்து முடித்து, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் தசை தூங்குகிறது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் துணை அதிகம் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுக்கும். அந்தக் கதவை, சர்க்கரை ஏறுகிற நேரத்தில் திறந்துவிட வேண்டும்.

காலை நடையை 30 நிமிடமாக்கி, மிச்சமாகும் 15 நிமிடத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் வையுங்கள். சாப்பிட்டு முடித்த அரை மணிக்குள் தொடங்க வேண்டும். வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். வெயிலில் போக முடியாது என்றால் கடைக்குள்ளேயே, மாடிப்படியில், குடோனில் நடக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம். பகலில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள், நடங்கள். துணி எடுத்துக் காட்டுகிற வேலையைக் கடைப் பையனிடம் முழுதாக விட்டுவிடாதீர்கள்.

இதோடு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி தேவை. நாற்பது வயதுக்கு மேல் தசை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். நடை மட்டும் அதைத் தடுக்காது. ஜிம் அவசியமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 தடவை; சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10; படியின் ஓரத்தில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 15; இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோள்மட்டம் வரை தூக்குவது 10. இந்த நான்கையும் ஒரு சுற்று முடித்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, இன்னொரு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: ஆறு மாதம் கழித்தும் அதே பத்தில் நிற்பார்கள். பயிற்சியின் தாக்கம் ஒன்று, இரண்டு நாள்தான் நிற்கும். எனவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் நிறுத்திவிட்டு இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஒரு விஷயம். சாப்பாட்டுக்குப் பிந்தைய 168-ஐ வைத்து நோயை முடிவு செய்ய முடியாது; அன்று என்ன, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். 75 கிராம் குளுக்கோஸ் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். முறையைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கர்ப்பமாக இருந்தபோது சுகர் இருந்தது. குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். பிரசவமானதும் நார்மல் ஆகிவிட்டது என்று சொன்னார்கள். இனி பார்க்க வேண்டுமா? வயது 28.
– வாசகி, விருதுநகர்

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு. பிரசவம் முடிந்த 6-லிருந்து 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்திருக்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசித் தேதியெல்லாம் நினைவிருக்கும் வீட்டில் தாயின் இந்தச் சோதனை மட்டும் விட்டுப்போகிறது. பரவாயில்லை, இந்த வாரமே செய்துவிடுங்கள். நார்மல் என்றாலும் வருடம் ஒருமுறை தொடருங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே ஒருமுறை பாருங்கள். கருத்தரித்ததும் முதல் வருகையிலேயே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

தாய்ப்பால் கொடுப்பது உங்களுக்கும் நல்லது. பால் சுரக்க என்று நெய் சொட்டும் லேகியமும் இனிப்பும் மாதக்கணக்கில் தேவையில்லை; பூண்டு, கருவாடு, கீரை, பயறு போதும். பட்டினி மட்டும் கூடாது.

கேள்வி: 170 செ.மீ. உயரம், 54 கிலோ, வயது 33. ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட். எச்பிஏ1சி 5.9. ஒல்லியாக இருக்கும் எனக்கு எப்படி? இன்னும் எடை குறைக்க வேண்டுமா?
– வாசகர், சென்னை

பதில்: குறைக்கவே கூடாது. உங்களுக்கு வேண்டியது தசை. மேலே சொன்ன நான்கு பயிற்சிகளை வாரம் மூன்று நாள் செய்து, புரதத்தை 60 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ஒல்லியான உடம்பில் தசை குறைந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு இருப்பது நம் மக்களிடம் அதிகம், எனவே இடுப்பை அளந்து பாருங்கள்.

இரவு வேலைக்காரர்களுக்கு ஒரு விதி: பெரிய சாப்பாடு வேலைக்குப் போகும் முன்பே. நள்ளிரவுக்குப் பின் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. இரண்டு மணிக்குப் பசித்தால் சுண்டல், முட்டை, மோர், ஒரு கைப்பிடிக் கடலை. கேன்டீனில் அந்நேரம் கிடைக்கும் பரோட்டாவும் ஃப்ரைட் ரைஸும் பகலில் சாப்பிடுவதைவிட அதிகக் கெடுதல். பகலில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி ஏழு மணி நேரம் தூங்குங்கள். தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் இன்சுலின் வேலை செய்வதும் குறையும்.

எச்சரிக்கை ஒன்று: சமீபத்தில் காரணமில்லாமல் எடை இறங்கி, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் இந்தப் பதிலை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது வேறு வகை நீரிழிவாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வெறும் வயிற்றில் 92, ஆனால் எச்பிஏ1சி 6.2. எது உண்மை? எனக்கு மாதவிலக்கில் அதிகம் படும், ஹீமோகுளோபின் 8.5.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இரும்புச்சத்துக் குறைவினால் வரும் சோகையில் எச்பிஏ1சி பொய்யாக உயர்ந்து காட்டும். முதலில் சோகையைச் சரிசெய்யுங்கள், அதிக இரத்தப்போக்குக்கும் காரணம் பாருங்கள். அதுவரை குளுக்கோஸ் சோதனையை நம்புங்கள். அதுவும் நார்மல் என்றால் கவலையில்லை. இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட எச்பிஏ1சி சரியாக வராது.

கேள்வி: வெந்தயம், பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ டீ, நாவல்கொட்டைப் பொடி: இவற்றில் எது வேலை செய்யும்?
– வாசகர், தேனி

பதில்: நான்கில் வெந்தயத்துக்குத்தான் ஓரளவு சான்று இருக்கிறது. நாளைக்கு 10 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, ஊறவைத்தோ பொடியாகவோ சாப்பாட்டுக்கு முன். ஒரு சிட்டிகை போதாது. அதிலுள்ள கொழகொழப்பான நார்தான் வேலை செய்கிறது, ஊறிய நீரை மட்டும் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கொட்டினால் வேலையும் கொட்டிப்போகும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுங்கள். ஆவாரம்பூ டீயைப் பால் காபிக்குப் பதிலாகக் குடித்தால் சர்க்கரை போடாத ஒரு பானம் என்ற அளவில் நல்லது. எந்தப் பொடியும் தட்டில் இருக்கும் சோற்றைக் குறைக்காது. இன்ன பொடி, இன்ன கலவை என்று அடையாளம் தெரியாமல் விற்பவற்றைத் தொடாதீர்கள்.

கேள்வி: முன்நீரிழிவுக்கே டாக்டர் மெட்ஃபார்மின் 500 எழுதினார். ஆரம்பித்தால் காலம் முழுக்க விட முடியாதாமே?
– வாசகர், கடலூர்

பதில்: பழகிப்போகிற மருந்து அல்ல அது. எடை குறைந்து, அளவு நார்மலுக்கு வந்து நிலைத்தால் மருத்துவரே நிறுத்துவார். உடல் பருமன் மிக அதிகமாக இருப்பவர்கள், வெறும் வயிற்றில் 110-க்கு மேலும் எச்பிஏ1சி 6-க்கு மேலும் இருப்பவர்கள், கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள், ஆறு மாதம் ஒழுங்காக முயன்றும் இறங்காதவர்கள் ஆகியோருக்கு இது பயன்படும். முதல் பதிலில் சொன்ன சென்னை ஆய்வில் 250 மி.கி. இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். உணவும் நடையும் தந்த பலனைத்தான் மாத்திரையும் தந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் அதற்கு மேல் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எனவே ‘மாத்திரை போட்டுக்கொள்கிறேன், சாப்பாடு பழையபடி இருக்கட்டும்’ என்பது நஷ்டமான வியாபாரம். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டதும் போட்டால் வயிற்றுப் பிரட்டல் குறையும். வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை தொடங்கும் முன்பே தேவை.

கேள்வி: வீட்டு மிஷினில் ஒரே விரலில் இரண்டு தடவை குத்தினால் 104, 119 என்று வருகிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எங்கே பார்ப்பது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வீட்டுக் கருவியில் 15 சதவீதம் வரை கூடக் குறைய வருவது அனுமதிக்கப்பட்டதே. உண்மையான அளவு 110 என்றால் அது 94 என்றும் காட்டலாம், 126 என்றும் காட்டலாம். நார்மலுக்கும் நோய்க்கும் நடுவே உள்ள தூரம் முழுவதும் அந்தப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. எனவே முன்நீரிழிவைக் கண்டுபிடிக்கவோ குணமானதா என்று முடிவுகட்டவோ அது உதவாது. உதவுவது ஒன்றுக்கு: எந்தச் சாப்பாடு உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒப்பிட. ஒருநாள் நான்கு இட்லி, இன்னொரு நாள் இரண்டு இட்லியும் முட்டையும். இரண்டு நாளும் சாப்பிடத் தொடங்கி சரியாக இரண்டு மணி நேரத்தில். கையைச் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த விரலில் 30, 40 கூடக் காட்டும்.

முடிவுக்கு லேப்தான். எச்பிஏ1சி முதலில் மூன்று மாதத்தில், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நார்மல் ஆனபின் வருடத்துக்கு ஒருமுறை. ஒரு மாதத்திலேயே பார்த்துக் குறையவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். அது இரண்டு மூன்று மாதத்துச் சராசரி.

குளுக்கோஸ் சோதனைக்கு: முந்தைய மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். ‘ரிசல்ட் நன்றாக வரட்டும்’ என்று மூன்று நாள் சோற்றை விட்டுவிட்டுப் போனால் அளவு தாறுமாறாக உயர்ந்து காட்டும். இரவு சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். முதல் இரத்தம் எடுத்ததும் 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் குமட்டாது. குடிக்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; இரண்டு மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான். நடுவில் நடை, சிகரெட், காபி எதுவும் கூடாது. வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது, இன்னொரு நாள் போக வேண்டும். காய்ச்சலின்போதும், மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட சில வாரங்களுக்குள்ளும் பார்க்காதீர்கள்.